வர்த்தக இணையதளத்தில் பகிர்வுப் பொத்தான்

நல்ல சரக்கின் பெருமை வாய்மொழியாகவே பரவுகிறது. ஒரு வீட்டில் வாங்கிய பாய் நன்றாயிருப்பின், அடுத்த வீட்டார் அஃது எங்கே கிடைத்தது என்று கேட்பது இயல்பு. கேட்டவர் தாமும் வாங்குவர், பிறருக்கும் சொல்லுவர். வியாபாரிக்கு இதனினும் சிறந்த விளம்பரம் வேறில்லை. இணையதளத்தின் வாயிலாக விற்பனை செய்யும் சிறு உற்பத்தியாளருக்கு இவ்வாய்மொழியின் வேலையைச் செய்துதருவது, பகிர்வுப் பொத்தான் எனப்படும் சிறு சாதனமாகும். பக்கத்தைப் பார்ப்பவர் அதனை அழுத்தினால், அப்பக்கத்தின் முகவரி வாட்ஸ்அப், பேஸ்புக் முதலிய சமூக ஊடகங்களின் வழியே அவருடைய உற்றார் உறவினரைச் சென்றடைகிறது.

இப்பொத்தானை அமைப்பது அரைமணி நேர வேலையே. ஆயினும், அதனை எம்முறையில் அமைப்பது என்பதில் கவனம் வேண்டும். ஒரு முறையில் அமைத்தால், வாடிக்கையாளர் விரும்பி அழுத்தும்பொழுது மட்டுமே செய்தி வெளியே செல்லும். மற்றொரு முறையில் அமைத்தாலோ, அவர் பொத்தானைத் தொடாவிடினும், அவர் அப்பக்கத்தைப் பார்த்த செய்தி மூன்றாமவர் ஒருவருக்குப் போய்ச் சேரக்கூடும். திரையில் காணுங்கால் இவ்விரு பொத்தான்களும் ஒன்றுபோலவே தோன்றும். சுய உதவிக் குழுக்கள், கூட்டுறவுச் சங்கங்கள், உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் ஆகியவற்றுக்கு ஆலோசனை கூறும் கள ஊழியர்களும், பள்ளிகளில் கணினி பயிற்றும் ஆசிரியர்களும் இவ்வேறுபாட்டைத் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம்.

பக்கம் திறக்கும்பொழுது நிகழ்வது

ஓர் இணையப் பக்கம் அச்சிட்ட தாளைப் போல முழுமையாக வந்து சேருவதன்று. முதலில் உலாவியானது தளத்தின் சர்வருக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறது. விடையாக வருவது ஹெச்.டி.எம்.எல். என்னும் குறிமொழியில் எழுதப்பட்ட ஓர் ஏடு. அவ்வேட்டில், "இப்படத்தை இன்ன இடத்திலிருந்து கொணர்க, இந்த ஸ்கிரிப்டை இன்ன இடத்திலிருந்து கொணர்க" என்ற கட்டளைகள் உள்ளன. உலாவி அவற்றை ஒவ்வொன்றாகப் படித்து, குறிப்பிட்ட இடங்களுக்கெல்லாம் தனித்தனியே வேண்டுகோள் அனுப்பிப் பொருள்களைத் திரட்டிப் பக்கத்தை உருவாக்குகிறது.

இவ்விடங்கள் அனைத்தும் அத்தளத்துக்கே உரியனவாக இருக்கவேண்டும் என்பதில்லை. படம் ஒரு கம்பெனியின் சர்வரிலிருந்தும், எழுத்துரு வேறொரு கம்பெனியின் சர்வரிலிருந்தும் வரலாம். ஒவ்வொரு வேண்டுகோளுடனும் கேட்பவரது இணைய இணைப்பின் எண், அவர் பயன்படுத்தும் உலாவியின் வகை, எத்தளத்திலிருந்து கேட்கப்படுகிறது என்னும் குறிப்பு ஆகியவையும் செல்கின்றன. அந்தச் சர்வர் முன்னரே அவ்வுலாவியில் குக்கி என்னும் அடையாளக் குறிப்பு ஒன்றை வைத்திருந்து, உலாவியும் அதனைத் தடுக்காதிருப்பின், அக்குறிப்பும் உடன் செல்லும். தபாலில் விடை கேட்டு எழுதுபவர் தம் முகவரியைக் குறிப்பிடாமல் விடை பெற இயலாது அல்லவா? அதனைப் போன்றதே இதுவும்.

இரு வகைப் பொத்தான்கள்

இதுவரை கூறியதை மனத்திற் கொண்டால் இரு வகைப் பொத்தான்களின் வேறுபாடு எளிதில் விளங்கும்.

முதல் வகை வெறும் இணைப்பு. சமூக ஊடகத்தின் சின்னத்தைத் தளத்தின் சொந்தச் சர்வரிலேயே ஒரு சிறு படமாக வைத்து, அதன்மேல் ஓர் இணைப்பு முகவரி மட்டும் கோக்கப்படுகிறது. பக்கம் திறக்கும்பொழுது அச்சமூக ஊடகத்துக்கு எவ்வித வேண்டுகோளும் போவதில்லை. பார்ப்பவர் தாமே அழுத்திய பின்னரே அவருடைய உலாவி அங்கே செல்லுகிறது. அழுத்தாதவரைப் பற்றி ஊடகக் கம்பெனி அறிய வழியில்லை.

இரண்டாம் வகை உட்பொதி பொத்தான். ஊடகக் கம்பெனி ஒரு ஸ்கிரிப்டைக் கொடுத்து, "இதனை உமது பக்கத்தில் ஒட்டிவிடும், பொத்தான் தானே தோன்றும்" என்கிறது. ஒட்டுவது எளிது. எத்தனை பேர் பகிர்ந்தனர் என்ற எண்ணிக்கையையும் சில பொத்தான்கள் காட்டும். ஆனால் பக்கம் திறந்தவுடனேயே, பொத்தானை வரைவதன் பொருட்டு, அந்த ஸ்கிரிப்ட் ஊடகக் கம்பெனியின் சர்வரிலிருந்து கொணரப்படுகிறது. அது பக்கத்தினுள்ளேயே இயங்குவதால், பக்கத்தின் முழு முகவரியையும் அறியவல்லது. மருந்துக் கடையின் தளமாயின், எம்மருந்தின் பக்கத்தை ஒருவர் பார்த்தார் என்பதும் இவ்வாறு வெளியே தெரியக்கூடும்.

சில உலாவிகள் இதற்கு ஓரளவு தடை விதித்துள்ளன. பிற தளங்களின் குக்கிகளைச் சஃபாரி உலாவி 2020 மார்ச் முதல் தானாகவே தடுத்துவருகிறது. பயர்பாக்ஸ் உலாவி, ஒவ்வொரு தளத்தின் குக்கிகளையும் தனித்தனியே அடைத்து வைக்கும் ஏற்பாட்டை 2022 ஜூனில் எல்லோருக்கும் பொதுவாக்கியது. கூகுள் கம்பெனியோ குரோம் உலாவியில் இத்தகைய குக்கிகளை அறவே நீக்கும் திட்டத்தை 2024 இல் கைவிட்டது. ஆகவே, வாடிக்கையாளரின் உலாவி தடுத்துக்கொள்ளும் என்று தளத்தின் உரிமையாளர் வாளாவிருத்தல் பொருந்தாது.

ஒரு துணிக்கடை வழக்கு

தளத்தின் உரிமையாளருக்கு இதில் என்ன பொறுப்பு என்னும் வினா ஐரோப்பாவில் நீதிமன்றம் வரை சென்றது. பேஸ்புக் கம்பெனி 2010 ஏப்ரலில் தனது விருப்பப் பொத்தானைப் பிற தளங்களும் வைத்துக்கொள்ளுமாறு வெளியிட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் ட்விட்டரும் தன் பொத்தானை அளித்தது. குறுகிய காலத்தில் உலகெங்கும் எண்ணிறந்த தளங்களில் இவை இடம்பெற்றன.

ஜெர்மனியில் இணையவழி ஆடை விற்பனை செய்துவந்த பேஷன் ஐடி என்னும் கம்பெனியும் விருப்பப் பொத்தானைத் தன் தளத்தில் உட்பொதித்திருந்தது. அந்நாட்டின் நார்த் ரைன் வெஸ்ட்ஃபாலியா மாநில நுகர்வோர் பாதுகாப்புச் சங்கம் இதனை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. பார்வையாளர் பேஸ்புக்கில் உறுப்பினராயிருப்பினும் இல்லாவிடினும், பொத்தானை அழுத்தினும் அழுத்தாவிடினும், அவரைப் பற்றிய தகவல் அவர் அறியாமலே பேஸ்புக்குக்குச் செல்லுகிறது என்பதே சங்கத்தின் முறையீடு. டுசெல்டார்ஃப் நகர நீதிமன்றம் 2016 மார்ச்சில் இவ்வழக்கில் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டை விசாரித்த நீதிமன்றம் சட்டப் பிரச்னையை ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2019 ஜூலை 29 அன்று அந்நீதிமன்றம் தன் முடிவை அறிவித்தது. பொத்தானை உட்பொதித்த தளத்தின் உரிமையாளர், தகவலைத் திரட்டுதல், அதனை ஊடகக் கம்பெனிக்கு அனுப்புதல் ஆகிய இரு செயல்களுக்கும் அக்கம்பெனியுடன் கூட்டுப் பொறுப்புடையவராகக்கூடும். அதன் பின்னர் அக்கம்பெனி அத்தகவலைத் தனக்குள் எவ்வாறு கையாளுகிறது என்பதற்கு அவர் பொறுப்பாளி அல்லர். "ஸ்கிரிப்ட் எம்முடையதன்று, ஆதலின் பொறுப்பும் எம்முடையதன்று" என்னும் வாதம் இத்தீர்ப்பினால் வலுவிழந்தது. தம் வாசலில் பிறர் ஒற்றனை நிறுத்த இடங்கொடுத்தவர், அவன் எனக்குத் தெரியாதவன் என்று சொல்லித் தப்ப இயலாது என்பதே இதன் சாரம்.

இவ்வழக்குக்கு முன்னரே ஜெர்மனியில் மாற்று வழி தேடப்பட்டது. ஹைஸே என்னும் பதிப்பகம் 2011 இல் இரட்டை அழுத்து முறையைக் கையாண்டது. பொத்தான் முதலில் உயிரற்ற சாம்பல் நிறத்தில் இருக்கும். முதல் அழுத்தம் அதனை இயக்கும்; இரண்டாம் அழுத்தமே பகிரும். 2014 இல் அப்பதிப்பகமே ஷாரிஃப் என்னும் எளிய முறையை வெளியிட்டது. அதில் பொத்தான் வெறும் இணைப்பாக அமைகிறது. பகிர்வு எண்ணிக்கை வேண்டுமாயின், பார்வையாளரின் உலாவிக்குப் பதிலாகத் தளத்தின் சர்வரே அதனைக் கேட்டு வாங்கித் தருகிறது.

நம் நாட்டுச் சட்டம்

இந்தியாவில் மின்வடிவத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியிடப்பட்டன. அவை கட்டங்கட்டமாக நடைமுறைக்கு வருமாறு வகுக்கப்பட்டுள்ளன. ஒருவருடைய சம்மதத்தின் பேரில் அவரது தகவலைக் கையாளுவதாயின், அச்சம்மதம் தடையின்றியும், குறித்த நோக்கத்துக்காகவும், விஷயத்தை அறிந்தும், தெளிவான செயலின் மூலமும் அளிக்கப்பட்டதாக இருக்கவேண்டும் என்பது இச்சட்டத்தின் அடிப்படை. பக்கத்தைத் திறந்தவுடனே தகவலை வெளியே அனுப்பிவிடும் பொத்தான் இந்நெறியோடு இசைந்து போவது கடினம். வெறும் இணைப்பாகிய பொத்தானில் இச்சிக்கலே எழுவதில்லை. வழக்கறிஞரை அமர்த்திச் சம்மதப் படிவம் எழுத வசதியற்ற சிறு சங்கங்களுக்கு இஃது ஒரு பெரிய அனுகூலமாகும்.

வேகமும் செலவும்

தகவல் பாதுகாப்பு ஒருபுறமிருக்க, உட்பொதி பொத்தான் பக்கத்தின் வேகத்தையும் குறைக்கிறது. இணைப்புப் பொத்தானுக்கு வேண்டுவது ஓரிரு கிலோபைட் அளவுள்ள சின்னப் படமே. உட்பொதி பொத்தானின் ஸ்கிரிப்டோ பல பத்துக் கிலோபைட் முதல் சில நூறு கிலோபைட் வரை இருக்கக்கூடும். ஒரு ஸ்கிரிப்ட் 200 கிலோபைட் என்று கொண்டால், கிலோபைட்டுக்கு எட்டுக் கிலோபிட் வீதம் அது 1,600 கிலோபிட் ஆகும். நொடிக்கு 400 கிலோபிட் வேகமுள்ள பலவீனமான இணைப்பில் அதனைக் கொணர 4 நொடிகள் செல்லும். நான்கு ஊடகங்களின் ஸ்கிரிப்டுகளை ஒட்டினால் 16 நொடிகள். மலைக் கிராமத்திலோ, ஓடும் ரயிலிலோ கைப்பேசியில் பார்க்கும் ஒருவர் அத்துணை நேரம் காத்திருப்பாரா என்பதை உரிமையாளரே தீர்மானித்துக்கொள்ளலாம். இக்கணக்கை ஆசிரியர்கள் வகுப்பில் வெவ்வேறு வேகங்களுக்குச் செய்துகாட்டலாம்.

எவ்வூடகங்களைத் தேர்வது?

தளத்தில் பத்துப் பன்னிரண்டு சின்னங்களை வரிசையாக வைப்பது சிலரது வழக்கம். இதனால் பயன் குறைவு. பார்ப்பவர் தமக்கு வேண்டியதைத் தேடிச் சலிப்படைவர். இரண்டு அல்லது மூன்று போதுமானவை.

வீட்டு உபயோகப் பொருள்களை விற்கும் இந்தியத் தளத்துக்கு வாட்ஸ்அப் முதன்மையானது. இந்நாட்டில் தன்னை 40 கோடிப் பேர் பயன்படுத்துவதாக அக்கம்பெனி 2019 லேயே தெரிவித்தது. இரண்டாவதாகப் பேஸ்புக்கைச் சேர்க்கலாம். மொத்த வியாபாரிகளையும் ஏற்றுமதியாளர்களையும் நாடும் சங்கமாயின் லிங்க்ட்இன் பயன்படும். இன்ஸ்டாகிராம், ஒரு வெளித்தளத்தின் பக்கத்தை இவ்வாறு இணைப்பின் மூலம் பகிர வழி செய்யவில்லை. அதன் சின்னத்தைத் தளத்தில் வைப்பதாயின், அது சங்கத்தின் இன்ஸ்டாகிராம் கணக்குக்குக் கொண்டுசெல்லும் தொடர்புப் பொத்தானாகவே இருக்க முடியும். பகிர்தல் வேறு, பின்தொடர்தல் வேறு. இவ்விரண்டையும் ஒரே வரிசையில் கலந்து வைத்தால் பார்ப்பவர் குழம்புவர்.

கைப்பேசி உலாவிகள் பலவற்றில் மற்றொரு வசதியும் உண்டு. பொதுவான ஒரே பகிர்வுப் பொத்தானை அமைத்தால், கைப்பேசியின் சொந்தப் பகிர்வுப் பட்டியலே திறந்து, அதில் நிறுவப்பட்டுள்ள செயலிகளைக் காட்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் குரோம் உலாவியில் இவ்வசதி 2017 இல் வந்தது. இதற்கு எந்த ஊடகக் கம்பெனியின் ஸ்கிரிப்டும் வேண்டுவதில்லை. ஆனால் தளம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பு முறையில் இயங்கவேண்டும். பார்ப்பவர் தாமே அழுத்தினாலன்றிப் பட்டியல் திறக்காது. எல்லா உலாவிகளிலும் இவ்வசதி இல்லாமையால், இணைப்புப் பொத்தான்களையும் உடன் வைத்திருத்தல் நலம்.

இணைப்பை அமைக்கும் முறை

பகிர்வு இணைப்பின் முகவரியில் மூன்று உறுப்புகள் உள்ளன. முதலாவது, ஊடகம் பகிர்வுக்கென வகுத்துள்ள முகவரி. இரண்டாவது, கேள்விக்குறியை அடுத்து வரும் புலத்தின் பெயர். மூன்றாவது, சமக்குறியை அடுத்து வரும் செய்தி, அதாவது பகிரவேண்டிய பக்கத்தின் முகவரி. வாட்ஸ்அப்பில் இப்புலத்தின் பெயர் டெக்ஸ்ட் என்பது. அதில் பொருளின் பெயரையும் பக்கத்தின் முகவரியையும் சேர்த்தே எழுதலாம். பார்ப்பவர் அழுத்தியதும் வாட்ஸ்அப் திறந்து, யாருக்கு அனுப்புவது என்று கேட்கும். அவர் யாரைத் தேர்ந்தார் என்பது சங்கத்தின் தளத்துக்குத் தெரிவதில்லை. தெரியவேண்டிய அவசியமும் இல்லை.

மூன்றாம் உறுப்பை அப்படியே எழுதிவிடலாகாது. இடைவெளி, கேள்விக்குறி, உம்மைக் குறி முதலியவற்றுக்கு முகவரியில் தனிப்பொருள் உண்டு. ஆகவே அவற்றை விழுக்காட்டுக் குறியும் ஈரிலக்கக் குறியீடும் கொண்ட மாற்று வடிவில் எழுதவேண்டும். செய்தியினிடையே உம்மைக் குறி மாற்றப்படாமல் நின்றால், அதன் பின்னுள்ள பகுதி முழுவதும் வெட்டுண்டு போகும். புதியவர்கள் மிகுதியும் தடுக்கி விழும் இடம் இதுவே.

தமிழ் எழுத்துகளிலும் முகவரி அமைக்க முடியும். ஆயினும் அதன் விளைவை அறிந்து செய்தல் வேண்டும். யூனிகோடு முறையில் ஒரு தமிழ்க் குறியீடு யூ.டி.எஃப்-8 வடிவில் மூன்று பைட்டுகளாகும். ஒவ்வொரு பைட்டும் மாற்று வடிவில் மூன்று எழுத்திடங்களைப் பெறுவதால், ஒரு குறியீட்டுக்கு ஒன்பது இடங்கள். "சேலை" என்னும் சொல்லில் சகரம், ஏகாரக் குறி, லகரம், ஐகாரக் குறி என நான்கு குறியீடுகள் உள்ளன. எனவே அச்சொல் முகவரியில் 36 இடங்களாக விரியும். ஐந்தாறு சொற்களில் பெயரிட்டால், பகிர்ந்த செய்தியில் பெயர் தெரியாது. குறிகளின் நீண்ட கூட்டமே தெரியக்கூடும். பெறுபவர் அதனைக் கண்டு மோசடி இணைப்போ என ஐயுறவும் இடமுண்டு. பக்கத்தின் தலைப்பையும் விவரத்தையும் தமிழில் எழுதி, முகவரியை மட்டும் சுருக்கமான ரோமன் எழுத்துகளிலோ எண்களிலோ அமைப்பது நடைமுறைக்கு ஏற்றது.

பகிர்ந்த பக்கத்தின் முன்தோற்றம்

பொத்தான் சரியாக அமைந்தும், பகிர்ந்த செய்தியில் படமோ பெயரோ தோன்றாமல் வெறும் முகவரி மட்டும் தோன்றுவதுண்டு. இதற்குக் காரணம் பொத்தானில் இல்லை, பக்கத்தில் உள்ளது. பேஸ்புக் 2010 இல் ஓப்பன் கிராஃப் என்னும் குறிப்பு முறையை வெளியிட்டது. பக்கத்தின் தலைப்பகுதியில் கண்ணுக்குப் புலப்படாத குறிப்புகளாகப் பொருளின் பெயர், பக்கத்தின் வகை, படத்தின் முகவரி, பக்கத்தின் நிலையான முகவரி ஆகிய நான்கையும் எழுதவேண்டும். சிறு விவரம் ஒன்றையும் சேர்ப்பது நல்லது. வாட்ஸ்அப், லிங்க்ட்இன் முதலிய பிற ஊடகங்களும் இக்குறிப்புகளைப் படித்தே முன்தோற்றத்தை அமைக்கின்றன.

படம் 1,200 பிக்சல் அகலமும் 630 பிக்சல் உயரமும் உள்ளதாக இருப்பது பேஸ்புக்குக்கு ஏற்றது. அதன் எடை சில நூறு கிலோபைட்டுக்குள் அடங்கவேண்டும். சங்கத்தின் முத்திரையைக் காட்டிலும் பொருளின் படமே வாங்குவோரைக் கவரும். ஒவ்வொரு பொருளுக்கும் தனிப் பக்கமும் தனிக் குறிப்புகளும் அமைவது அவசியம். எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே குறிப்பை எழுதினால், பாயைப் பகிர்ந்தவருக்கும் கூடையின் படமே தோன்றும்.

ஊடகங்கள் ஒருமுறை எடுத்த முன்தோற்றத்தைச் சில காலம் சேமித்து வைத்துக்கொள்கின்றன. ஆதலால், படத்தையோ விலையையோ மாற்றிய பிறகும் பழைய தோற்றமே காணக்கூடும். பேஸ்புக் இதனைப் புதுப்பிக்க ஒரு சோதனைக் கருவியை அளித்துள்ளது. முன்தோற்றப் படத்தின்மேல் விலையை எழுதாதிருப்பது இத்தொல்லையைத் தவிர்க்கும் எளிய வழி. பலர் கைமாறிய செய்தியைச் சங்கம் திரும்பப் பெற இயலாது. தள்ளுபடி அறிவிப்பாயின், அஃது எத்தேதி வரை செல்லும் என்பதைப் பக்கத்திலேயே குறிப்பிடவேண்டும்.

எங்கே வைப்பது, எங்கே வைக்கலாகாது?

பொருளின் படம், விலை, விவரம் ஆகியவற்றைக் கண்ட பின்னரே ஒருவருக்குப் பகிரும் எண்ணம் தோன்றும். ஆகவே அவற்றின் கீழே பொத்தானை வைப்பது பொருத்தம். திரையின் ஓரத்தில் மிதந்து எழுத்துகளை மறைக்கும் பொத்தான்கள் சிறிய கைப்பேசியில் பெருந்தொல்லை. விரலால் தடையின்றி அழுத்துமளவு பொத்தான் பெரிதாக இருக்கவேண்டும். 2023 அக்டோபரில் வெளியான இணைய அணுகல் வழிகாட்டியின் 2.2 ஆம் பதிப்பு, குறைந்த அளவாக 24 பிக்சல் அகலமும் 24 பிக்சல் உயரமும் குறிப்பிடுகிறது. சின்னத்தோடு "வாட்ஸ்அப்பில் பகிர்க" என்று எழுத்திலும் எழுதவேண்டும். பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பான் படத்தைப் படிக்காது, எழுத்தையே படிக்கும்.

பணம் செலுத்தும் பக்கம், ஆர்டர் விவரப் பக்கம், வாடிக்கையாளரின் கணக்குப் பக்கம் ஆகியவற்றில் பகிர்வுப் பொத்தானை வைக்கவே கூடாது. அப்பக்கங்களின் முகவரியில் ஆர்டர் எண் முதலியவை இருக்கக்கூடும். தவறி அழுத்தினால் ஒருவரது முகவரியும் தொலைபேசி எண்ணும் ஒரு குழுவுக்கே வெளியாகிவிடும்.

பகிர்வு எண்ணிக்கையைக் காட்டுவதும் வேண்டுவதில்லை. "பகிர்ந்தோர் 0" என்ற குறிப்பு நல்ல பொருளுக்கும் இழுக்குத் தேடித்தரும். ட்விட்டர் தன் பொத்தானிலிருந்து எண்ணிக்கையை 2015 நவம்பரில் நீக்கிவிட்டது.

எவ்வளவு பயனை எதிர்பார்க்கலாம்?

பொத்தானை வைத்துவிட்டால் விற்பனை பெருகிவிடும் என்று நம்புவது சரியன்று. பிரிட்டிஷ் அரசாங்கம் தன் பொது இணையதளத்தில் பகிர்வுப் பொத்தான்களை அமைத்து, முதல் 10 வாரங்களின் கணக்கை 2014 இல் வெளியிட்டது. ஆயிரம் பக்கப் பார்வைகளுக்கு ஏறத்தாழ இரண்டு முறையே அவை அழுத்தப்பட்டன. அரசாங்கத் தளத்தின் கணக்கு வியாபாரத் தளத்துக்கு அப்படியே பொருந்தாது எனினும், ஓர் உண்மை இதனால் புலப்படுகிறது. அழுத்துவோர் சிலர், பார்ப்போர் பலர். உட்பொதி முறையில் அச்சிலருடைய வசதிக்காக எல்லாப் பார்வையாளரின் தகவலும் வெளியே செல்லுகிறது. இணைப்பு முறையில் அழுத்துகின்ற அச்சிலரே தம் விருப்பத்தோடு வெளியே செல்லுகின்றனர்.

பயனை அளக்கவும் பிறர் ஸ்கிரிப்ட் தேவையில்லை. பகிரப்படும் முகவரியின் இறுதியில், "வாட்ஸ்அப் வழி" என்பதைக் காட்டும் சிறு அடையாளம் ஒன்றைச் சேர்த்தால், அம்முகவரியின் மூலம் வந்தோர் எத்தனை பேர் என்பதைத் தளத்தின் சொந்தப் பதிவேட்டிலிருந்தே கணக்கிடலாம். யார் வந்தனர் என்பது அதில் தேவையில்லை. எத்தனை பேர் என்பதே போதும்.

பராமரிப்பு

சமூக ஊடகங்கள் நிலையானவை அல்ல. கூகுள் பிளஸ் பொதுமக்களுக்கு 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. டிக்டாக் இந்தியாவில் 2020 ஜூனில் தடை செய்யப்பட்டது. பல ஊடகங்களின் பொத்தான்களை ஒருசேர அளித்துவந்த ஆட்திஸ் என்னும் சேவையை, அதன் உரிமையாளராகிய ஆரக்கிள் கம்பெனி 2023 மே 31 அன்று நிறுத்தியது. ட்விட்டர் அவ்வாண்டு ஜூலையில் எக்ஸ் எனப் பெயர் மாறியது. வெளித்தளங்களுக்கான பேஸ்புக் விருப்பப் பொத்தானையே 2026 பிப்ரவரியில் நிறுத்தப்போவதாக, அதன் உரிமையாளராகிய மேட்டா 2025 நவம்பரில் அறிவித்தது. துணிக்கடை வழக்குக்குக் காரணமாயிருந்த பொத்தானின் கதை இவ்வாறு முடிவுக்கு வந்தது.

பிறர் ஸ்கிரிப்டை நம்பியிருந்த தளங்களில் இத்தகைய மாற்றங்களுக்குப் பின் வெற்றிடங்களும் செயலற்ற குறிகளும் எஞ்சுகின்றன. இணைப்புப் பொத்தானில் மாற்றம் ஒரு வரியோடு முடிந்துவிடும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பார்த்துச் சரியான பக்கம், சரியான படம், சரியான பெயர் தோன்றுகின்றனவா எனச் சோதித்தல் வேண்டும்.

ஒரு செயல்முறை விளக்கம்

இவ்வளவையும் சொற்களால் விளக்குவதினும் கண்ணாற் காட்டுவது எளிது. கணினியில் ஒரு வர்த்தகத் தளத்தைத் திறப்பதற்கு முன், உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் நெட்வொர்க் என்னும் பகுதியைத் திறந்து வைக்கவேண்டும். பெரும்பாலான உலாவிகளில் எஃப்-12 விசை இதனைத் திறக்கும். பின்னர்ப் பக்கத்தைத் திறந்தால், உலாவி விடுத்த வேண்டுகோள்கள் யாவும் வரிசையாகப் பட்டியலிடப்படும். தளத்தின் சொந்தப் பெயர் அல்லாத பெயர்களை மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். எப்பொத்தானும் அழுத்தப்படாத நிலையிலேயே ஒரு சமூக ஊடகத்தின் பெயர் பட்டியலில் காணப்படின், அத்தளத்தின் பக்கத்திலிருந்து அவ்வூடகத்துக்குத் தகவல் சென்றுவிட்டது என்பது தெளிவு. அதன்பின் இணைப்புப் பொத்தான் மட்டும் உள்ள ஒரு பக்கத்தைத் திறந்து ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

கள ஊழியர் ஒரு சங்கத்துக்குச் செல்லும்பொழுதும் இச்சோதனையையே முதலில் செய்துகாட்டலாம். தளத்தை அமைத்துக் கொடுத்த இளைஞர் தீய எண்ணத்துடன் உட்பொதி பொத்தானை வைத்திருப்பார் என்பதில்லை. எளிதாகக் கிடைத்ததை ஒட்டியிருப்பார். பட்டியலைக் கண்டவுடன் அவரே அதனை நீக்கி, ஓர் இணைப்பையும் ஒரு சின்னத்தையும் அதனிடத்தில் வைத்துவிடக்கூடும். அடுத்த வீட்டாரிடம் பாயின் நயத்தைச் சொல்லுவதும் சொல்லாமல் விடுவதும் வாங்கியவருடைய உரிமை. அவ்வுரிமையை இணையதளத்திலும் அவரிடமே விட்டுவைப்பது விற்பவருடைய கடமையாகும்.